மின்னல்கொடி பேர் பதிஞ்ச கதை

ஒரு கதையை ஆரம்பிக்க யாரையும் கேக்கத் தேவையில்ல. பேனா இருந்தாப் போதும். முடிக்கிறதுக்குத்தான் ஒரு தொழிற்சங்கம், ஒரு ஆராய்வுக் குழு, ஒரு மே தின மேடை, ஒரு தோட்டத்துத் தொரை எல்லாரும் சம்மதிக்கணும்னு எனக்கு முப்பத்தேழு வயசுலதான் தெரிய வந்துச்சு.

என் பேர் விஜிதரன். ஹட்டன் டவுன்ல ஸ்டிக்கர் கடை வச்சிருக்கேன். ஆட்டோ முதுகுல வாசகம் வெட்டி ஒட்டுறது, பஸ் கண்ணாடியில சாமி படம் போடுறது, இதெல்லாம் வயித்துக்கு. மனசுக்குன்னு ஒரு படக்கதை வரையிறேன். ஜப்பான்காரங்க மங்கான்னு வரையிறாங்களே, பெரிய கண்ணு, குத்திட்டு நிக்கிற தலைமுடி, வலது பக்கத்துலேருந்து இடது பக்கமா வாசிக்கணும், அந்த மாதிரி. சின்ன வயசுல அதுல விழுந்தேன், இன்னும் எந்திரிக்கல. மலைச்சிகரத் தொழிலாளர் பேரவைன்னு எங்க சங்கம். அதோட மாத இதழ்ல பதினேழு வருஷமா கடைசி எட்டுப் பக்கம் எனக்கு. இதழைத் திருப்பிப் பிடிச்சு, பின் அட்டையிலேருந்து வாசிக்கணும். கதைக்குப் பேர் 'கவ்வாத்துப் படை'.

தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழ வெட்டி விடுறதைத்தான் கவ்வாத்துன்னு சொல்றோம். எங்க அப்பா சின்னராசா அந்த வேலைக்காரரு. என் கதாநாயகன் வேலாண்டியும் அதே வேலைதான். அவன் கத்தியை வீசுனா நெருப்பு பறக்கும். அவன் பொண்டாட்டி மாடத்தி, கொழுந்துக் கூடையைக் கவுத்தா புயல் வரும். ரெண்டு பேரும் சேந்து அட்டை அரக்கன்கூட சண்டை போடுவாங்க. மலையளவு அட்டை. மக்களோட ரத்தத்தைக் குடிச்சிட்டு, 'நான் உங்களுக்காகத்தான் வீங்கியிருக்கேன்'னு பேசும். பேரவைக்காரங்க அதை அடுத்த சங்கத்துத் தலைவருன்னு நெனச்சு ரசிச்சாங்க. அடுத்த சங்கத்துக்காரங்க இவங்க தலைவருன்னு நெனச்சு ரசிச்சாங்க. அதனாலதான் பதினேழு வருஷம் ஓடிச்சு.

வேலாண்டிக்கு ஒரு மக. மின்னல்கொடி. பாதிக் கதையில பொறந்தவ, வாசிக்கிற புள்ளைங்களுக்கு உசுரு. இந்த வருஷம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அரக்கனைக் கொன்னுடலாம். வேலாண்டியும் மாடத்தியும் கத்தியையும் கூடையையும் கொண்டாந்து கூரையில சொருகிட்டு உக்காரட்டும். மின்னல்கொடி ஒரு பையைத் தூக்கிக்கிட்டு றொசல்ல ஸ்டேஷன்ல கோச்சி ஏறிப் போகட்டும். எங்கேன்னு சொல்லப் போறதில்ல. அவ போறா, அவ்வளவுதான். அடுத்த இதழோட கதை முடியுதுன்னு ஒரு மூலையில சின்னதா எழுதிப் போட்டேன்.

எனக்கு அந்த முடிவு சும்மா வரல. எங்க வீட்டுல அதே பஞ்சாயத்துதான் நடந்துக்கிட்டிருந்துச்சு. அப்பாவுக்கு வயசாகி பென்சன் ஆகுற நேரம். எங்க தோட்டத்துல வேலை செய்யிற ஆள் பேர்லதான் லயக் காம்பிரா, அதாவது நாங்க குடியிருக்கிற வரிசை வீட்டு அறை. அப்பா நின்னுட்டா, வீட்டுல இன்னொருத்தர் தோட்டத்துல பேர் பதியணும், இல்லாட்டி காம்பிராவை விட்டுட்டுப் போகணும். நான் பதியலாம்னா, முப்பத்தஞ்சு தாண்டினவனைப் புதுசா எடுக்கிறதில்லைன்னு தோட்டத்தை நடத்துற தொரை ஒரு சட்டம் வச்சிருக்காரு. அம்மா போய்ச் சேந்து நாலு வருஷமாச்சு. மிச்சம் இருக்கிறது என் தங்கச்சி வினோதா. அவளுக்குக் கல்வியியற் கல்லூரியில இடம் கெடைச்சிருக்கு. டீச்சராகப் போறா. அவ கையில கொழுந்துக் கூடையைக் குடுத்தாத்தான் நாங்க படுக்குற கூரை எங்களுக்குன்னு சொன்னா, வயிறு எரியுமா எரியாதா?

பேரவையில போய்ச் சொன்னோம். மேலிடத்துல பேசுறோம்னாங்க. எங்க ஊர்ல மழை மேலேருந்துதான் வரும், பனி மேலேருந்துதான் வரும், மேலிடத்துப் பதில் மட்டும் வந்ததில்ல. ஆனா கதை முடியுதுன்னு நான் எழுதிப் போட்ட மூணாம் நாளே மேலிடம் கடைக்கு போன் பண்ணுச்சு.

"தம்பி, உடனே ஆபீசுக்கு வாங்க. தலைவர் மனசு புண்பட்டிருக்கு."

பேசுனது பொதுச்செயலாளர் அழகன். நல்ல மனுசன்தான், எதையும் ஒரு தீர்மானமா நிறைவேத்தாம இருக்க முடியாது, அது ஒண்ணுதான் வியாதி. அவர் மகளுக்குக் காது குத்துனதுகூட ஏகமனதாத்தான்னு கேள்வி.

ஹட்டன்ல பேரவை ஆபீசுக்குள்ள போனா சுவத்துல மூணு படச்சட்டம். முதல் சட்டத்துல இப்போதைய தலைவரோட அப்பா, பெரியவர். ரெண்டாவதுல இப்போதைய தலைவர். மூணாவது சட்டத்துல படம் இல்ல, வெறும் வெள்ளைக் காகிதம். ஆனா மாலை போட்டிருந்தாங்க. தலைவர் மகன் கிஷாந்த் மெல்பேர்ன்லேருந்து வந்திருக்காரு, மே தினத்தன்னைக்கு இளைஞர் அணித் தலைவரா பட்டம் கட்டப் போறாங்க, அதுக்கு முன்கூட்டியே ஏற்பாடு.

"உக்காருங்க தம்பி" என்றாரு அழகன். "வேலாண்டிக்குப் புள்ள இருக்கில்ல?"

"இருக்குங்க. மின்னல்கொடி."

"புள்ள இருக்கும்போது எப்படிக் கதை முடியும்?"

அவரே விளக்கினாரு.

"யோசிச்சுப் பாருங்க. தகப்பன் ஓய்வு பெறுறாரு. புள்ள இருக்கு. புள்ள அந்த எடத்துக்கு வரல, கோச்சி ஏறிப் போயிடுதுன்னு சொன்னீங்கன்னா, மே தினத்துக்கு முந்தின மாசம், மக்கள் என்ன நெனப்பாங்க? தலைவர் மகன் மேடையேறுற நேரத்துல இப்படி ஒரு கருத்தை நீங்க மக்கள் மத்தியில வைக்கலாமா?"

"ஐயா, அது கதைங்க."

"பேரவையோட இதழ்ல கதைன்னு எதுவும் இல்ல தம்பி. எல்லாம் நிலைப்பாடுதான்" என்றாரு. ஒரு ஆராய்வுக் குழு போட்டிருக்காங்களாம். பேரைக் கேட்டு எனக்கு இருமல் வந்துச்சு. 'கவ்வாத்துப் படை வாரிசுத் தொடர்ச்சி ஆராய்வுக் குழு.'

குழு அடுத்த வாரம் கூடுச்சு. தலைமை அழகன். இலக்கிய ஆலோசகரா செபஸ்தியாம்பிள்ளை சேர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர், என் படக்கதை புத்தகமா வந்தப்ப முன்னுரை எழுதுனவரு. மகளிர் அணித் தலைவியும் குழு உறுப்பினர்தான், அவங்களைத் தேத்தண்ணி போட அனுப்பியிருந்தாங்க.

மொதல் கேள்வி, வேலாண்டி பேரவையோட உறுப்பினரா. பதினேழு வருஷமா நம்ம இதழ்ல வேலை செய்யிறவரு, சந்தா கட்டியிருக்காரான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அது ஒரு குறைபாடுன்னு எழுதிக்கிட்டாங்க. ரெண்டாவது கேள்வி, அட்டை அரக்கன் செத்தா அவனுக்கு வாரிசு யாரு. அவனுக்குப் புள்ள குட்டி இல்லைங்கன்னு சொன்னேன். அழகன் தலையை ஆட்டினாரு. "இதுதான் எதிர்த்தரப்போட பலவீனம்" என்றாரு.

அப்புறம் நான் வரைஞ்சு வச்சிருந்த கடைசி அத்தியாயத்தை வாங்கிப் பாத்தாங்க. செபஸ்தியாம்பிள்ளை சேர் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு பக்கமா நிதானமாத் தள்ளினாரு. முகம் மலந்துச்சு.

"என்னப்பா, அருமையாத்தானே இருக்கு? எதுக்கு இந்தக் குழப்பம்? கோச்சி வந்து நிக்குது. பிள்ளை பையோட இறங்குது. நேரா வீட்டுக்குப் போகுது. அப்பன் கூரையிலிருந்து கத்தியை உருவி எடுக்கிறான். கடைசிப் பக்கத்துல செத்துக் கிடந்த அரக்கனே எந்திரிச்சு நிக்கிறான், அடுத்த தலைமுறைக்கு எதிரியும் தயார். இதைவிட வாரிசுத் தொடர்ச்சி வேற என்ன வேணும்? ஒரேயொரு திருத்தம். 'முற்றும்'னு மொதப் பக்கத்துலேயே போட்டிருக்கு. அதை எடுத்துடணும்."

அழகனுக்கு வாயெல்லாம் பல்லு. "ஏகமனதாக" என்றாரு.

நான் பேசாம இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கே, அது எனக்கு எப்பவும் எதிர்க்கட்சி. "சேர், இது வலது பக்கத்துலேருந்து வாசிக்கணும்"னேன்.

"யார் சொன்னது?"

"மொத இதழ்லேருந்தே அப்படித்தான் சேர். பின் அட்டையிலேருந்து."

தேத்தண்ணி வந்துச்சு, அதை யாரும் எடுக்கல. செபஸ்தியாம்பிள்ளை சேர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாரு.

"அப்ப இத்தனை வருஷமும் ஒவ்வொரு மாசமும் அரக்கன் செத்துக் கிடந்து எந்திரிச்சு, கடைசியில சந்தோசமா ஊருக்குள்ள வந்து நிப்பானே, அது?"

"அது ஆரம்பம் சேர். அவன் வருவான், சண்டை நடக்கும், சாவான்."

"நான் அதை யதார்த்தவாதம்னு முன்னுரையில எழுதியிருக்கேனே தம்பி. 'மலையக மக்களின் வாழ்வில் தீமையே இறுதியில் வெல்கிறது என்பதைத் துணிச்சலுடன் சொன்ன ஒரே கலைஞன்'னு எழுதியிருக்கேன்."

அந்த முன்னுரைக்காக எனக்கு ஒரு விருதே குடுத்தாங்க, நான் ஏன்னு தெரியாமலே போய் வாங்கிட்டு வந்தேன். இப்பத்தான் வெளங்குச்சு. நம்ம இதழ்ல என் பக்கத்தைச் சரியா வாசிச்சவங்க எல்லாம் பத்துப் பன்னெண்டு வயசுப் புள்ளைங்கதான். பேரவையில ஒரு ஆளுகூட இல்ல.

வெக்கம் வந்தா மனுசனுக்குக் கோவம் வரும், கோவம் வந்தா அழகனுக்குத் தீர்மானம் வரும். அங்கேயே எழுதுனாரு. கதாநாயகர்களின் பிள்ளைகள் கதையைத் தொடர்வது வரலாற்றின் கட்டாயம். மின்னல்கொடி கோச்சி ஏறக் கூடாது. கத்தியைக் கையில் எடுக்க வேண்டும். மாதாமாதம் தொடர வேண்டும். எழுதி முடிச்சிட்டு என்னைத் தனியா கூப்பிட்டாரு.

"தம்பி, உங்க அப்பா காம்பிரா விசயம் ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்குங்க. போன வருஷமே சொன்னோம்."

"தலைவர் தொரைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. தங்கச்சி பேர் பதியாமலே காம்பிரா உங்களுக்கு. நீங்க தலைவரோட மனசைப் பாத்துக்குங்க, தலைவர் உங்க கூரையைப் பாத்துக்குவாரு. மே தினத்துக்குள்ள முடிவு சொல்லுங்க."

வெளிய வந்தேன். ஆபீசுக்குப் பின்னால வண்டி நிறுத்துற எடத்துல ஒருத்தர் சிகரெட்டு இல்லாம சிகரெட்டுக் குடிக்கிற மாதிரி நின்னுக்கிட்டிருந்தாரு. குளிருக்கு வாயில புகை. கிஷாந்த். தலைவர் மகன்.

"விஜி அண்ணே, ஒரு நிமிசம். அரக்கனோட மூணாவது வாய் எங்க இருக்குன்னு எட்டு வருஷமா சொல்லாமலே இருக்கீங்களே."

நான் அசந்து போனேன். "நீங்க வாசிப்பீங்களா?"

"சின்ன வயசுலேருந்து. வலது பக்கத்துலேருந்து" என்றாரு. சுத்தி ஒரு தடவை பாத்துட்டுக் குரலை எறக்கினாரு. "அண்ணே, நீங்க முடிச்சிருங்க. அவ கோச்சி ஏறட்டும். எனக்காக."

"உங்களுக்கென்ன தம்பி, மெல்பேர்ன்ல ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறீங்கன்னு அப்பா சொல்றாரு."

"டிராம் ஓட்டுறேன் அண்ணே. நாலு வருஷமாச்சு. வெள்ளன எந்திரிச்சு யூனிஃபாம் போட்டுக்கிட்டுப் போவேன். ஏறுறவங்க குட்மோர்னிங் சொல்வாங்க, எறங்குறவங்க தேங்க்யூ சொல்வாங்க. அங்க ஒரு சங்கம் இருக்கு, மாசாமாசம் சந்தா கட்டுறேன். போன வருஷம் சம்பளம் கூட்டிக் கேட்டு ஒரு நாள் வண்டியை நிப்பாட்டினோம், குடுத்துட்டாங்க."

"குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க அண்ணே. நான் இதை அப்பாகிட்ட சொன்னா அவருக்கு நெஞ்சு வலி வந்துடும்."

மூணு தலைமுறையில அந்தக் குடும்பத்துல வேலை செஞ்சு சம்பளம் வாங்குற மொத ஆளு இந்தப் பையன்தான். அவனைப் பாத்தா எனக்குப் பாவமா இருந்துச்சு. பார்ப்போம் தம்பின்னு மட்டும் சொன்னேன். வேற என்ன சொல்றது, எனக்கே என் வீட்டுல ஒரு புள்ள மாட்டிக்கிட்டு நிக்குது.

வீட்டுக்கு வந்தா வினோதா அத்தியாயத்தைப் பிடுங்கிக்கிட்டா. எப்பவும் மொத வாசகி அவதான். அடுப்பு வெளிச்சத்துல உக்காந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துட்டு, "ஜன்னல் சீட்டுக் குடுத்திருக்கே, பரவால்ல. ரொட்டி கட்டிக் குடுத்தியா அவளுக்கு?"ன்னு கேட்டா. அப்பா மூலையில உக்காந்து காலைத் தேய்ச்சுக்கிட்டிருந்தாரு. "புள்ள போறது நல்லதுதான்"னு சொன்னாரு. எந்தப் புள்ளையைச் சொல்றாருன்னு நான் கேக்கல. ரெண்டு நாளைக்கு முந்தி கணக்கப்பிள்ளை திலக்ஷன் வந்து, மே மாசத்துக்குள்ள வினோதா பேரைப் பதியலைன்னா காம்பிராவுக்கு வேற ஆள் வருதுன்னு சொல்லிட்டுப் போயிருந்தான். சின்னப் பையன்தான், ஆனா காலையில ஆள் கூட்டுற பெரட்டுல கணக்கு எடுத்து எடுத்து எங்கே போனாலும் சத்தமாத்தான் பேசுவான். லயம் முழுக்கக் கேட்டுச்சு.

அவங்க தூங்குனதுக்கப்புறம் நான் அழிப்பானை எடுத்தேன். கோச்சியை அழிச்சேன். ஸ்டேஷனை அழிச்சேன். மின்னல்கொடி தோள்ல இருந்த பையை அழிச்சுட்டு அந்தக் கையில கத்தியை வரைஞ்சேன். அவ மொகத்தை மட்டும் மாத்தல, சிரிச்சுக்கிட்டே இருந்தா, அவளுக்கு இன்னும் விசயம் தெரியாது. அசிங்கமா இருந்துச்சு எனக்கு. பதினேழு வருஷமா அரக்கன்கூட சண்டை போட்டவன், ஒரு கூரைக்காக அந்தப் புள்ளையைப் பிடிச்சுக் குடுத்துட்டேன். வினோதாகிட்ட சொல்லவும் இல்ல.

மே தினம் வந்துச்சு. ஹட்டன் டவுன் முழுக்கக் கொடி. மேடைக்குப் பின்னால என் கடையிலேயே அடிச்ச பெரிய பேனர், இடது பக்கம் கத்தியோட மின்னல்கொடி, வலது பக்கம் கோட்டு சூட்டோட கிஷாந்த். நடுவுல 'தொடர்கிறது'ன்னு ஒரே ஒரு வார்த்தை. எங்க தோட்டத்துத் தொரையைச் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டு மொத வரிசையில உக்கார வச்சிருந்தாங்க. தொழிலாளர் தினத்துல தொரைக்குக் குளிராம இருக்கப் பொன்னாடை போத்துனாங்க. தொழிலாளிங்க தூறல்ல நின்னாங்க. தலைவர் மைக்கைப் பிடிச்சாரு.

"என் அன்பார்ந்த உழைக்கும் மக்களே. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக உங்களுக்காகப் பேசுகிறது. நீங்களும் மூன்று தலைமுறையாக அதே லயத்தில் இருந்து அதைக் கேட்கிறீர்கள். இப்படியொரு பிணைப்பு உலகத்தில் வேறு எங்காவது உண்டா? என் தந்தையார் சொன்னார், இந்த மக்களுக்குச் சொந்த வீடு பெற்றுத் தருவேன் என்று. நானும் அதையே சொன்னேன். நாளை என் மகனும் அதையே சொல்வான். ஒரு சொல்கூட மாறாது. வாக்கு மாறாத பரம்பரை இது."

கை தட்டுனாங்க. தலைவருக்குக் குரல் தழுதழுத்துச்சு.

"சிலர் கேட்கிறார்கள், தலைவர் மகன்தான் தலைவரா என்று. நான் கேட்கிறேன், கவ்வாத்துக்காரன் மகன் என்ன ஆகிறான்? கவ்வாத்துக்காரன் ஆகிறான். கொழுந்து எடுப்பவள் மகள்? கொழுந்துதான் எடுக்கிறாள். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நீதி, என் பிள்ளைக்கு ஒரு நீதியா? சமத்துவத்துக்காகத்தான் நான் போராடுகிறேன்."

இந்த எடத்துல அழகன் ஓடி வந்து தலைவர் காதுல ஏதோ சொன்னாரு. மைக் ஓடிக்கிட்டிருந்ததால ஹட்டனே கேட்டுச்சு. "கிஷாந்த் தம்பி ராத்திரி ஃபிளைட்டுல போயிட்டாருங்க."

தலைவர் அப்படியே நின்னாரு. கையில பட்டம் கட்டுற மாலை. கீழ ஆயிரக்கணக்கான சனம். மழை வலுத்துச்சு. அவருக்கு எப்படித் தோணிச்சோ தெரியல, திரும்பிப் பேனரைப் பாத்தாரு, மாலையைத் தூக்கி மின்னல்கொடி கழுத்துக்கு நேரா ஆணியில மாட்டுனாரு. அப்புறம் மைக்குக்கு வந்தாரு.

"குடும்ப ஆட்சி என்று பழி சொன்னவர்களுக்கு இதோ பதில். இளைஞர் அணித் தலைவியாக, ஒரு சாதாரணக் கவ்வாத்துத் தொழிலாளியின் மகள், மின்னல்கொடியை அறிவிக்கிறேன்."

சனம் கத்துன கத்துல தொரைக்குப் பொன்னாடை நழுவிச்சு. இருக்காதா பின்ன, பேரவையில அவங்களுக்கு உண்மையிலேயே பிடிச்ச ஒரே தலைவி அவதான். புள்ளைங்க தோள்ல ஏறி நின்னு விசிலடிச்சுச்சுங்க. செபஸ்தியாம்பிள்ளை சேர் கண்ணைத் தொடைச்சாரு. அன்னைக்கு சாயங்காலமே ஆபீஸ் சுவத்துல மூணாவது சட்டத்துல அவ படத்தை மாட்டியாச்சு. அழகன் என்கிட்ட சந்தோசமாச் சொன்னாரு, இவங்களைவிட நல்ல தலைமை கெடைக்காது தம்பி, கேள்வி கேக்க மாட்டாங்க, வெளிநாடு போக மாட்டாங்கன்னு.

தலைவரும் வாக்கைக் காப்பாத்துனாரு, அதைச் சொல்லத்தான் வேணும். மேடையிலேருந்து எறங்கினதும் தொரைகிட்ட சின்னராசா காம்பிரா விசயத்தைச் சொல்லியிருக்காரு. தொரை, யாராவது ஒரு பேர் இருக்கணுமேன்னு கேட்டிருக்காரு. தொரை எங்க இதழ் வாசிக்கிறவரில்ல. அழகன் யோசிக்காம, "மின்னல்கொடி. இப்ப மேடையில அறிவிச்சாங்களே, கவ்வாத்துக்காரன் மக"ன்னு சொல்லிட்டாரு.

மறுநாள் திலக்ஷன் லயத்து வாசல்ல வந்து நின்னான். "மின்னல்கொடிக்குப் பேர் பதிஞ்சாச்சு. அவ வேலைக்கு வந்துக்கிட்டிருக்கிற வரைக்கும் காம்பிரா உங்களுக்கு. எங்க அந்தப் பொண்ணு?"

அப்பா என் மேசைப் பக்கம் கையைக் காட்டினாரு. திலக்ஷன் வந்து பாத்தான். வரைஞ்சு காயாத மையில அவ கத்தியைத் தூக்கிட்டு நின்னா. அவன் ஒரு நாழி அவளைப் பாத்தான், என்னைப் பாத்தான். சின்ன வயசுல அவனும் என் கதையை வாசிச்சவன்தான். "தொரைக்கு நான் எப்படி இதைச் சொல்றது"ன்னு தலையைச் சொறிஞ்சான். அப்புறம் அவனே, "மாசாமாசம் கதையில அவ வேலைக்குப் போற மாதிரி காட்டிருங்க, இதழைக் காட்டி நான் சமாளிச்சுக்கிறேன்"னுட்டுப் போயிட்டான்.

வினோதா கல்லூரிக்குப் போனா. கோச்சியில ஜன்னல் சீட்டுக் கெடைச்சுச்சு, அப்பா ரொட்டி கட்டிக் குடுத்தாரு. எங்க காம்பிராவும் எங்களுக்கே. எல்லாம் சொகம்தான். மின்னல்கொடிக்குத்தான் சனியன் பிடிச்சுச்சு. வெள்ளன அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும், பெரட்டுக்குப் போகணும், மழையில நனையணும், நெருப்பு பறந்த கத்தியால வெறும் தேயிலையை வெட்டணும், சாயங்காலம் பேரவைக் கூட்டத்துல பேசணும். அரக்கனைப் பத்தி அழகன் ஒரு சுத்துநிருபம் அனுப்பினாரு, பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கிறதால அவனைத் தற்காலிகமாகக் கொல்லக் கூடாதுன்னு. அதனால அவ அரக்கனுக்குத் தேத்தண்ணி குடுத்துக்கிட்டிருந்தா. அவ கண்ணுக்குக் கீழ கோடு போட வேண்டி வந்துச்சு. ஒவ்வொரு மாசமும் ஒரு கோடு கூடுச்சு.

ஒரு நாள் வினோதா போன் பண்ணினா. கல்லூரியில யாரோ இதழைக் குடுத்திருக்காங்க. நாலு மாசத்தையும் சேத்து வாசிச்சிருக்கா. ஏசுவான்னு நெனச்சேன்.

"எனக்குப் பதிலா அவளை அனுப்பிட்டே, இல்ல?"

"ஆமா"ன்னேன்.

"நான் இங்க ஏழு மணிக்கு எந்திரிக்கிறேன் அண்ணே. சுடு தண்ணியில குளிக்கிறேன்." அழுதாளோ என்னமோ. "அவளுக்கு ஒரு நாள் லீவாவது குடேன்."

நான் முறைப்படி ஆபீசுக்குப் போனேன். அழகன் குழுவைக் கூட்டினாரு. இளைஞர் அணித் தலைவிக்கு லீவு குடுக்கிற அதிகாரம் தலைவருக்குத்தான், தலைவர் கொழும்புல. காய்ச்சல்னா டாக்டர் துண்டு வேணும். கல்யாணம்னா மாப்பிள்ளை எந்தச் சங்கம்னு தெரியணும். செபஸ்தியாம்பிள்ளை சேர், கதைக்குள்ள மழை பெய்ய வச்சு வேலையை நிப்பாட்டலாமேன்னாரு, மழை பெய்ஞ்சாலும் வேலை நடக்குதுன்னு போன மாசம்தான் தொரைக்கு எழுதிக் குடுத்தோம்னு அழகன் மறுத்தாரு. கடைசியில, கோரிக்கை மேலிடத்துக்கு அனுப்பி வைக்கப்படுகிறது. ஏகமனதாக.

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்கு வந்து மேசையில உக்காந்தேன். மொத பக்கத்துல, விடியுது. கம்பளிக்குள்ள மின்னல்கொடி தூங்குறா. ரெண்டாவது பக்கம், பெரட்டுக்குக் கூப்பிடுறாங்க, அவ அசையல. மூணு, வெயில் ஜன்னல்ல ஏறுது. நாலு, மாடத்தி எட்டிப் பாத்துட்டுக் கதவை ஒருக்களிச்சு வைக்கிறா. இப்படி எட்டுப் பக்கமும். சண்டை இல்ல, வசனம் இல்ல. கண்ணுக்குக் கீழ போட்ட கோட்டை எல்லாம் ஒவ்வொண்ணா அழிச்சேன். அப்படியே அச்சுக்கு அனுப்பிட்டேன். பேரவையில யாரும் வாசிக்கிறதில்லையே, தைரியமா அனுப்பினேன்.

இதழ் தோட்டத்துக்கு வந்த மறுநாள் காலையில திலக்ஷன் வந்துட்டான். அவன் காட்டுன இதழைப் பாத்துட்டுத் தொரை கேட்டு விட்டிருக்காரு, இந்த மாசம் மின்னல்கொடி ஏன் வேலைக்கு வரலைன்னு. லயத்து வாசல்ல நின்னு வழக்கம்போல தொண்டையைத் தெறந்தான்.

"சின்னராசா அண்ணே, எங்க அந்தப் பொண்ணு? காம்பிரா வேணுமா வேணாமா?"

நான் எந்திரிக்கிறதுக்குள்ள அப்பா வெளிய போனாரு. முப்பது வருஷமா கணக்கப்பிள்ளை குரலுக்குத் தொப்பியைக் கழட்டிட்டு நின்ன மனுசன். வாசல்ல நின்னு வாயில விரலை வச்சாரு.

"மெதுவாப் பேசுங்க தம்பி. புள்ள தூங்குது."

பக்கத்துக் காம்பிராக்காரங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. ஒருத்தரும் சிரிக்கல. ஒரு பொம்பள ஓடிப் போய் அவங்க வீட்டு ரேடியோவை நிப்பாட்டினாங்க. திலக்ஷன் அவங்களைப் பாத்தான், அப்பாவைப் பாத்தான், குரலை எறக்கி, "எப்ப எந்திரிப்பா அண்ணே?"ன்னு கேட்டான்.

"அவளா எந்திரிக்கட்டும்"னு சொல்லிட்டு, அப்பா உள்ள வந்து சத்தம் கேக்காமக் கதவைச் சாத்துனாரு.